ஈரக்களித் தடமும் காய்மணல் தடமும்

அத்திமடு என்கிற குளத்தின் கரையில் முயல் அளவே உள்ள ஒரு சருகுமான் தன் குட்டியோடு நின்றிருந்தாள். அவள் பெயர் தாழை. குளத்துத் தண்ணீர் உள்வாங்கிக்கொண்டே போனது. நேற்று நனைந்து கிடந்த கல் இன்று வெயிலில் காய்ந்து கிடந்தது.

“அம்மா, தண்ணி ஏன் சுருங்கிக்கிட்டே போகுது?” என்றது குட்டி.

“கோடை வந்துட்டா தண்ணிக்கும் தாகம் எடுக்குமாம். தன்னைத்தானே குடிச்சுக்குமாம்” என்றாள் தாழை. குட்டி சிரித்தது. தாழைக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தக் காட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. தண்ணீர் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டால், கரைப் புதர்களில் குடியிருக்கும் சிற்றுயிர்கள் எல்லாம் இடம் பெயர்ந்துவிட வேண்டும். பாறைமேட்டைத் தாண்டினால் ஆறு இருக்கிறது. அங்கே போய்ப் பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் பாறைமேட்டில் செந்நாய்கள் திரியும். ஓடத் தெரிந்தவர்கள் ஓடித் தப்பிப்பார்கள். தாழையின் குட்டிக்கோ பிறவியிலேயே பின்னங்கால் ஒன்று வளைந்திருந்தது. நடக்கும், ஓடாது.

ஆனால் இரண்டு குடும்பங்கள் மட்டும் கோடை முழுவதும் கரையிலேயே தங்கலாம். அவை துறைக் காவலர்களின் குடும்பங்கள். கீழ்த்துறைக்கு ஒரு காவலர், மேல்துறைக்கு ஒரு காவலர். விடிந்ததும் கரையில் பதிந்திருக்கும் காலடித் தடங்களைப் பார்த்து, இரவில் யார் வந்தார், எந்தப் பக்கம் போனார் என்று சொல்வதுதான் அவர்கள் வேலை. அதைக் கேட்டுத்தான் தூரத்திலிருந்து வரும் மான்களும் முயல்களும் தண்ணீரில் வாய் வைக்கும். சிறுத்தைத் தடத்தைத் தப்பாகப் படித்துவிட்டால் அன்றைக்கு யாரோ ஒருவர் வீடு திரும்ப மாட்டார். அதனால் அந்த வேலைக்குத் தேர்வு வைப்பார்கள்.

“அந்த வேலை கிடைச்சுட்டா நாம எங்கேயும் போக வேண்டாம்” என்று குட்டியிடம் சொன்னாள் தாழை.

“கிடைக்காட்டி?”

தாழை குட்டியின் காதை நக்கிக் கொடுத்தாள்.

தேர்வை நடத்தியவர் கொம்பையா என்கிற யானை. நேர்மையானவர். ஆனால் எதையும் அசை போட்டுத்தான் முடிவுக்கு வருவார். அந்த வருஷம் தேர்வுக்குப் பெருங்கூட்டம் கூடிவிட்டது. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கரையில் இறங்கினால் தடம் எது, தேர்வு எழுத வந்தவர் காலடி எது என்றே தெரியாமல் போய்விடும்.

கொம்பையா ஒரு வழி கண்டுபிடித்தார். தேக்கிலையும் வேப்பிலையும் சம அளவு எடுத்து மணலில் புதைத்தார். “கண்ணை மூடிக்கிட்டு ஆளுக்கு ஒண்ணு உருவுங்க. தேக்கிலை வந்தா காலையில தேர்வு. வேப்பிலை வந்தா மதியம்!”

“ரெண்டு வேளைக்கும் ஒரே தடம்தானே ஐயா?” என்று கேட்டது ஓர் உடும்பு.

“அது எப்படி? காலையில பார்த்துட்டுப் போறவன் வாயை மதியம் வரைக்கும் நானா கட்டி வைக்கிறது? காலைக்குக் கரடியார், ஆளுங்களை மிதிக்க வச்சுத் தடம் எடுப்பார். மதியத்துக்கு முள்ளம்பன்றியார் எடுப்பார். ரெண்டு வேளைக்கும் பத்துத் தடம். சரியாச் சொன்னா தடத்துக்கு ஒரு நெல்லிக்கொட்டை. அதிகக் கொட்டை வாங்கின ரெண்டு பேருக்கு வேலை!”

தாழைக்கு வேப்பிலை வந்தது.

காலையில் போனவர்கள் ஆரவாரத்தோடு திரும்பினார்கள். முன்னால் வந்தது கார்முகிலன் என்கிற மயில். கூடவே வெள்ளச்சி என்கிற காட்டுக்கோழி.

“ஈரக்களியில அச்சு வார்த்த மாதிரி இருந்துச்சு!” என்றான் மயில். “காட்டெருமைக் குளம்பு, கரடிப் பாதம், சிறுத்தைப் பாதம். ஒன்பது கொட்டை எனக்கு!”

“எனக்கு எட்டு” என்றாள் வெள்ளச்சி. அவளுக்குப் பின்னால் குஞ்சுகள் கீச்சிட்டுக்கொண்டு ஓடின. எட்டு என்றால் என்னவென்று அவற்றுக்குத் தெரியாது. அம்மா சந்தோஷமாக இருக்கிறாள் என்பது மட்டும் தெரிந்தது.

மதியம் தாழை கூட்டத்தோடு இறங்கினாள். முள்ளம்பன்றியார் தடம் எடுத்திருந்த இடம் களி அல்ல, காய்ந்த மணல். காற்று வேறு அடித்துக்கொண்டிருந்தது. விரல் எது, குதிகால் எது என்று பிரிக்க முடியவில்லை. பூனை வகைகளே நான்கு இருந்தன. எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. தாழை மூக்கை மணலில் வைத்து மோந்து பார்த்தாள். இரண்டு அடிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பார்த்தாள். மணல் எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது என்று பார்த்தாள். யோசித்து யோசித்துச் சொன்னாள். ஆறு கொட்டை கிடைத்தது.

மதியக் கூட்டத்தில் அதற்கு மேல் யாரும் வாங்கவில்லை. பெரும்பாலோர் இரண்டோடும் மூன்றோடும் திரும்பினார்கள். உடும்பு ஒற்றைக் கொட்டையை வாயில் கவ்விக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் பொந்துக்குள் போய்விட்டது.

கொம்பையா தும்பிக்கையைத் தூக்கி முடிவைச் சொன்னார். “கார்முகிலனுக்கு ஒன்பது, வெள்ளச்சிக்கு எட்டு. இவங்க ரெண்டு பேரும்தான் இந்தக் கோடைக்குக் காவல்!”

தாழை சத்தம் போட்டுப் பேசிப் பழகியவள் அல்ல. ஆனாலும் குட்டியை நினைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

“ஐயா, ஒரு வார்த்தை. காலைத் தடம் வேற, மதியத் தடம் வேற. மதியத் தடம் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சுங்க. கொட்டையை மட்டும் எண்ணினா எப்படி?”

மயில் தோகையைச் சிலுப்பினான். “கேட்டீங்களா கதையை! ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்! நான் ஆடுறவன், எனக்குத் தெரியாதா?”

கூட்டம் சிரித்தது. கொம்பையா சிரிக்கவில்லை. “கேட்கிறதுல நியாயம் இருக்கு. எது கஷ்டம்னு தடம் எடுத்தவங்களையே கேட்டுடுவோம். அவங்களை விட யாருக்குத் தெரியும்?”

கரடியாரும் முள்ளம்பன்றியாரும் வந்தார்கள்.

“கரடியாரே, உங்க தடம் கஷ்டமா, லேசா?”

“கஷ்டமான்னா கேட்கிறீங்க!” என்று மூச்சு வாங்கினார் கரடியார். “நல்ல களி தேடி மடுவைச் சுத்தி அலைஞ்சேன். காட்டெருமையைக் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிட்டு வந்தேன். சிறுத்தை மிதிச்சுட்டுப் போற வரைக்கும் மரத்துமேல உட்கார்ந்து நடுங்கினேன். வேர்த்து ஊத்திடுச்சு ஐயா! இதை விடக் கஷ்டமா யாராலயும் தடம் எடுக்க முடியாது!”

“முள்ளம்பன்றியாரே, உங்களுது?”

“எனக்கென்ன கஷ்டம்?” என்று முள்ளைச் சிலுப்பிக்கொண்டார் அவர். “நான் தினமும் மூக்கைத் தரையில உரசிக்கிட்டு நடக்கிற மணல். அந்தப் பூனைங்க எல்லாம் என் அக்கம்பக்கம். பார்த்த உடனே யாருன்னு சொல்லிடலாமே! ரொம்ப லேசு!”

கொம்பையா காதை விசிறிக்கொண்டு யோசித்தார். பிறகு தலையை ஆட்டினார்.

“அப்படின்னா காலைத் தேர்வுதான் கஷ்டம். மதியத் தேர்வு லேசு. நியாயம்னா நியாயமா இருக்கணும். மதியம் எழுதினவங்க எல்லாரும் ஆளுக்கு ஒரு கொட்டையைத் திருப்பிக் கொடுத்துடுங்க!”

நியாயம் கேட்கப் போன தாழை, ஆறோடு போய் ஐந்தோடு திரும்பினாள். உடும்பிடம் இருந்த ஒற்றைக் கொட்டையும் போய்விட்டது.

குட்டியோடு வீட்டுக்குப் போகும் வழியில் தாழை தன்னையே கேட்டுக்கொண்டாள். ‘நிஜமாவே நான்தான் மந்தமோ? மயில் சொன்னது சரிதானோ? எங்க கூட்டமே மந்தமோ?’

மணல்திட்டைக் கடக்கும்போது குட்டி பின்தங்கியது. தாழை திரும்பிப் பார்த்தாள். குட்டி இழுத்து இழுத்து நடந்தது. 

“என்னடா, கால் இன்னும் மோசமாயிடுச்சா?”

“தெரியலம்மா. நடக்க முடியல.”

காலா, மணலா? அங்கேயே நின்றுகொண்டு பார்த்தால் தெரியாது. தாழை குட்டியைத் தள்ளிக்கொண்டு போய்க் கெட்டித் தரையில் விட்டாள். நாவல் மரத்தடியில் குட்டி எப்போதும் விளையாடும் தரை அது. “இப்ப நட, பார்க்கலாம்.”

குட்டி நடந்தது. எப்போதும் போலத் தத்தித் தத்தி, அதே வேகத்தில். கால் அப்படியேதான் இருந்தது. மணல்தான் இழுத்திருக்கிறது.

தாழைக்கு முதலில் மூச்சு வந்தது. அடுத்ததாக ஒரு யோசனை வந்தது. அவள் குட்டியைப் பார்த்தாள். மணல்திட்டைப் பார்த்தாள். மறுபடியும் குட்டியைப் பார்த்தாள்.

“விடிஞ்சதும் கொம்பையாகிட்ட போகணும்டா!”

மறுநாள் காலை கொம்பையா மேல்துறையில் நின்று முதுகில் சேற்றை வாரிப் போட்டுக்கொண்டிருந்தார். மயிலும் கோழியும் அங்கேதான் தங்கள் புதர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“மறுபடியுமா?” என்றான் மயில். “மிச்சம் இருக்கிற அஞ்சையும் கொடுத்துட்டுப் போகவா வந்திருக்கே?”

தாழை கொம்பையா பக்கம் திரும்பினாள். “ஐயா, கரடியார் பட்ட பாடு தடத்தை எடுக்கப் பட்ட பாடு. அதைப் படிக்கப் பட்ட பாடு வேற. அது படிச்சவங்களைப் பார்த்தால்லவா தெரியும்? நேத்துக் காலையில ரொம்பப் பேர் ஏழு, எட்டுன்னு வாங்கினாங்க. மதியம் ரொம்பப் பேருக்கு ரெண்டு, மூணுதான். அதிலேயே தெரியலையா, எந்தத் தடம் கஷ்டம்னு?”

“அதுல என்ன தெரியுது?” மயில் முந்திக்கொண்டான். “மதியம் வந்த கூட்டம் மக்குக் கூட்டம்னு தெரியுது! தடத்து மேல பழி போடாதே!”

கொம்பையா நிதானமாகத் தலையசைத்தார். “மயில் சொல்றதையும் தள்ள முடியாது, தாழை. தடம் கஷ்டமா இருந்தாலும் கொட்டை குறையும். ஆளு மந்தமா இருந்தாலும் குறையும். எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

“ரெண்டு கூட்டத்தையும் ஒரே தடத்தைப் பார்க்க வைங்க ஐயா” என்றாள் தாழை. “காலைக் களியும் வேண்டாம், மதிய மணலும் வேண்டாம். பொதுவா ஒரு இடம். அங்கே எங்க கூட்டம் சறுக்கினா நாங்க மந்தம்தான். நான் வாயை மூடிக்கிட்டுப் பாறைமேட்டைப் பார்த்துப் போயிடறேன். அங்கே ரெண்டு கூட்டமும் சமமா நின்னா...”

“தடம்தான் வேற வேற!” என்று முடித்தார் கொம்பையா. அவர் காது விசிறுவது நின்றுவிட்டது.

தண்ணீருக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையில் கொம்பையாவின் கண்முன்னே கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் சிலர் நடந்து போயிருந்தார்கள். அதில் மூன்று தடங்களை அவர் தேர்ந்தெடுத்தார். எல்லோரையும் கூப்பிட்டார். வரிசையாக ஒவ்வொருவராக வர வேண்டும், தடத்தைப் பார்க்க வேண்டும், பதிலை அவர் காதுக்குள் மெல்லச் சொல்ல வேண்டும். சரியாக இருந்தால் அவர் ஒரு கூழாங்கல்லை எடுத்து வைப்பார். தேக்கிலைக்காரர்களுக்கு ஒரு குவியல், வேப்பிலைக்காரர்களுக்கு ஒரு குவியல்.

கொம்பையாவின் காது அகலமானது. எட்டாதவர்கள் அவர் முழங்காலில் ஏறி நின்று சொன்னார்கள். ஓர் அணில் காதுக்குள்ளேயே போய்விட்டது. “கூசுது! கூசுது! இறங்கு!” என்று அவர் குலுங்கினார்.

மயில் வந்தான். மூன்றும் சரி. மூன்று கல் விழுந்தன. வெள்ளச்சி வந்தாள். இரண்டு கல்.

தாழை வந்தாள். முதல் தடம் சரி. இரண்டாவதும் சரி. மூன்றாவது தடத்தை இரண்டு முறை மோந்து பார்த்தாள். மரநாயா, புனுகுப்பூனையா? குட்டி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. “மரநாய்” என்றாள். கொம்பையாவின் தும்பிக்கை கல்லை எடுக்கவில்லை.

“போச்சு! போச்சு!” என்று துள்ளினான் மயில். “கேட்டவளே சறுக்கிட்டா! இனிமே என்ன பேச்சு?”

தாழை தலை குனிந்து நின்றாள். தன் வாயால் தானே கெடுத்துக்கொண்டோமோ என்று இருந்தது.

“அவசரப்படாதே” என்றார் கொம்பையா. “நான் இப்ப தாழையையும் அளக்கல, உன்னையும் அளக்கல. ரெண்டு கூட்டத்தை அளக்கிறேன். ஒரு துளி விழுந்ததை வச்சு மழை இவ்வளவுன்னு சொல்லிட முடியுமா? எல்லாத் துளியும் விழட்டும்.”

உடும்பு வந்தது. கூச்சத்தோடு காதருகே போனது. ஒரு கல், இரண்டு கல், மூன்று கல்! உடும்பு நம்பவில்லை. “நிஜமாவா ஐயா?” என்று திரும்பவும் கேட்டது.

வரிசை முடிந்தது. எல்லோரும் இரண்டு குவியல்களையும் சுற்றி நின்றார்கள். கரடியார் இந்தப் பக்கம் குனிந்து பார்த்தார். முள்ளம்பன்றியார் அந்தப் பக்கம் குனிந்து பார்த்தார். எண்ணிப் பார்த்தார்கள். காலைக் குவியலில் இரண்டு கல்தான் கூடுதல்.

“இவ்வளவு பெரிய கூட்டத்துல ரெண்டு கல் ஒரு வித்தியாசமா?” என்றார் கொம்பையா. “பொதுத் தடத்துல ரெண்டு கூட்டமும் சமம். மக்குக் கூட்டம்னு ஒண்ணு இங்க இல்லை. களி லேசு, மணல் கஷ்டம், அவ்வளவுதான். நான்தான் கரடியார் வேர்வையைப் பார்த்து ஏமாந்துட்டேன்.”

“நான் வேர்த்தது நிஜம்தானே?” என்றார் கரடியார் வருத்தத்தோடு.

“நிஜம்தான் கரடியாரே. ஆனா சமைக்கிறவன் கை சுட்டுச்சுங்கிறதுக்காகச் சோறு காரமாயிடுமா?”

“எனக்கு லேசா இருந்துச்சேன்னு சொன்னேன்” என்று முனகினார் முள்ளம்பன்றியார். “மத்தவங்க மூக்கு தரையிலிருந்து எவ்வளவு தூரத்துல இருக்குன்னு நான் யோசிக்கவே இல்லை.”

கொம்பையா வாங்கிய கொட்டைகளைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு சொன்னார், “இனி கொட்டைக்குக் கொட்டை ஒப்பிட மாட்டேன். காலைக்காரங்க ஒரு வரிசையா நில்லுங்க, அதிகம் வாங்கினவர் முன்னால. மதியக்காரங்களும் அதே மாதிரி பக்கத்துல நில்லுங்க. அவங்கவங்க கூட்டத்துல யார் எந்த இடத்துல நிக்கிறாங்களோ, அதுதான் அவங்க மதிப்பு. ரெண்டு வரிசையிலயும் தலையில நிக்கிறவங்களுக்குத்தான் காவல்.”

இரண்டு வரிசைகள் நின்றன. காலை வரிசையின் தலையில் மயில், ஒன்பது கொட்டையோடு. மதிய வரிசையின் தலையில் தாழை, ஆறு கொட்டையோடு. இருவரும் தோளோடு தோள் நின்றார்கள். தாழையின் தோள் மயிலின் இறக்கைக்குக் கூட எட்டவில்லை. அது வேறு விஷயம்.

“பொதுத் தடத்துல நான் மூணு, அவ ரெண்டுதானே?” என்றான் மயில் விடாமல்.

“ரெண்டு குவியலை ஒப்பிட மூணு தடம் போதும். ஒரு ஆளை எடை போட மூணு தடம் போதாது. அதுக்குத்தான் பத்து வச்சோம். உனக்கு என்னப்பா குறை? நேத்தும் நீ முதல், இன்னிக்கும் நீ முதல். நியாயமா அளந்தா உன் இடம் போயிடும்னு ஏன் பயந்தே?”

மயில் தோகையை மெல்ல மடித்துக்கொண்டான். “இந்தா சருகு... தாழையக்கா” என்றான் தயங்கி, “கீழ்த்துறைப் பக்கம் நிழல் அதிகம். குட்டிக்கு ஆகும். நீங்க அதை எடுத்துக்கோங்க.”

தாழைக்குக் கண் கலங்கியது. குட்டியைப் பார்க்கத் திரும்பினாள். அப்போதுதான் அவள் வெள்ளச்சியைப் பார்த்தாள்.

காலை வரிசையில் இரண்டாவதாக நின்றாள் வெள்ளச்சி. அவள் காலடியில் எட்டு நெல்லிக்கொட்டைகள் இருந்தன. நேற்று அவை வேலை வாங்கிக் கொடுத்த எட்டு. இன்று வெறும் எட்டு. குஞ்சுகள் அவற்றை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தன.

தாழை அருகில் போனாள்.  “வெள்ளச்சி, உன் இடத்தை நான்...”

“என் இடம் இல்லைங்கிறதுதானே இப்பத் தெரிஞ்சது” என்றாள் வெள்ளச்சி.  “நான் ஒண்ணும் திருடலை, தாழை. கொடுத்தாங்க, வாங்கினேன். நேத்து ராத்திரி குஞ்சுங்ககிட்ட ‘உங்கம்மா பெரிய கெட்டிக்காரி’ன்னு சொன்னேன். அதை நினைச்சாத்தான்...” அவள் இறக்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“எங்கே போவே?”

“மூங்கில் காட்டுல ஒரு சின்ன ஊத்து இருக்கு. சிக்கனமாக் குடிச்சா கோடையைத் தள்ளிடலாம். எனக்குப் பாறைமேடு வேண்டாம். இறக்கை இருக்கு, மரத்துல ஏறிக்குவேன். உன் குட்டிக்குத்தான் வேற வழி இல்லை.”

அவள் குஞ்சுகளை ஒவ்வொன்றாகக் கூட்டிச் சேர்த்தாள். கிளம்பும் முன் கொம்பையாவைப் பார்த்துத் திரும்பினாள்.

“ஐயா, எனக்கு ஒரே ஒரு ஆசை. அடுத்த கோடைத் தேர்வுல எனக்கு மணல் தடமே வரட்டும். காத்தும் அடிக்கட்டும். ரெண்டு வாங்கினாலும் சரி, மூணு வாங்கினாலும் சரி. அது எவ்வளவு பெறும்னு நீங்க சரியா அளந்து சொல்லிடுங்க. இந்த எட்டை வச்சுக்கிட்டு நான் யாருன்னு எனக்கே தெரியலை!”

சொல்லிவிட்டுக் கொட்டைகளை அங்கேயே விட்டுவிட்டுக் குஞ்சுகளோடு மூங்கில் காட்டைப் பார்த்து நடந்தாள். அவள் கால் பதிந்த இடமெல்லாம் ஈரக்களியில் தெளிவாகத் தெரிந்தது. தாழை அந்தத் தடத்தை மிதிக்காமல் ஒதுங்கி, குட்டியைக் கூட்டிக்கொண்டு கீழ்த்துறைக்கு இறங்கினாள்.

கேள்வி எவ்வளவு கடினம் என்பது கேட்டவரின் வியர்வையில் தெரியாது, பதில் தேடியவர்களின் தடுமாற்றத்தில்தான் தெரியும். அதை அளந்து பார்க்காமல் கொடுக்கும் மதிப்பெண், தோற்றவருக்கும் நியாயம் செய்யாது, வென்றவருக்கும் நியாயம் செய்யாது.